மூன்று சாவி

கிருமாம்பாக்கத்தில் நான்கு டிக்கெட் கிழித்தேன்.
அரியாங்குப்பம் பாலத்தில், ஆம்புலன்ஸில்,
கண் விழித்தேன்.
நடுவில் தவளக்குப்பம் என்றொரு ஊர் உண்டு.
பதினாறு வருடமாக, நாளைக்கு எட்டு முறை
நான் கூவி நிறுத்திய ஊர்.
அன்று அது என் வழித்தடத்தில் இல்லை.

பார்த்தவர்கள் சொன்னதுதான் எனக்குத் தெரியும்.
விசில் வாயிலிருந்து விழுந்ததாம்.
இடது கை முதலில், பிறகு நான் முழுவதும்
கொக்கி கழன்ற ஜன்னல் ஷட்டராய் அடித்துக்கொண்டேனாம்.
டிரைவர் தணிகாசலம் வண்டியை ஓரம் கட்டியதும்
ஒருவர் வெங்காயம் கேட்டிருக்கிறார்,
ஒருவர் செருப்பைக் கழற்றியிருக்கிறார்,
கீழிருந்து யாரோ ஓடிவந்து
ஒரு சாவிக்கொத்தை என் உள்ளங்கையில் வைத்து
விரல்களை மடக்கியிருக்கிறார்கள்.
பணப்பையை மட்டும் ஒருவரும் தொடவில்லை.
டிப்போவில் எண்ணியபோது
பதினோரு ரூபாய் கூடுதலாக இருந்தது.

சாவிக்கொத்து என்னோடே வந்துவிட்டது.
மூன்று சாவி, ஒரு வேளாங்கண்ணி மாதா.

"நாற்பத்திரண்டு வயதில் முதல் தடவை வந்திருக்கிறது.
படம் பார்க்காமல் பேச மாட்டேன்" என்றார் டாக்டர்.
அதற்குள் எல்லோரும் பேசி முடித்திருந்தார்கள்.
மாமியார், அமாவாசை என்றாள். மச்சான், பிராந்தி என்றான்.
நைட் ட்ரிப் அடித்தால் இப்படித்தான் என்றான் தணிகாசலம்.
நான் யாரிடமும் சொல்லாத ஒன்றை நினைத்துக்கொண்டிருந்தேன்:
பெண்ணையாற்றுப் பாலத்தில், கொட்டும் மழையில்,
காசில்லை என்ற ஒருவனை
இறக்கிவிட்ட இரவு.

ஸ்கேன் அறை வாசலில் லூர்துராணி என்று பெயர் குத்திய பெண்
இரும்பு ஏதாவது இருக்கிறதா என்றாள்.
மோதிரம், பெல்ட், அரைஞாண் தாயத்து,
பாக்கெட்டில் மறந்துபோன விசில்,
அந்தச் சாவிக்கொத்து.
அங்கே கையில் திணித்த இரும்பை
இங்கே வாசலிலேயே வாங்கிக்கொண்டார்கள்.
அஞ்சலாட்சி எல்லாவற்றையும் துணிக்கடைப் பையில் போட்டு
மடியில் வைத்துக்கொண்டாள்.

உள்ளே அசையக் கூடாது.
விடிந்தது முதல் ஆடும் வண்டியில் நிற்பவனிடம்
இதைச் சொல்கிறார்கள்.
டக்டக்டக், பிறகு ரம்பம், பிறகு
செகண்ட் கியர் விழாமல் உறுமும் பழைய லேலண்ட்.
நடுவில் ஓர் ஊசி. கை நரம்பில் குளிர் ஏறியது.
நிறுத்தங்களைச் சொல்லிக்கொண்டு கிடந்தேன்:
ஆல்பேட்டை, கன்னியக்கோயில், கிருமாம்பாக்கம்.
தவளக்குப்பத்தை மட்டும் சத்தமாகச் சொன்னேன்.
யாருக்கும் கேட்டிருக்காது.

திரையில் என் தலை
குறுக்கே அரிந்த முட்டைக்கோஸ்.
வலது பக்கம், மேலே,
பட்டாணி அளவில் ஒரு வெள்ளை வளையம்.
அதற்குள் ஓரமாக ஒரு புள்ளி.
"நாடாப்புழுவின் குட்டி. செத்துக்கொண்டிருக்கிறது.
சுற்றி இருக்கும் வீக்கம்தான் உங்களைத் தள்ளியது."
"இவர் பன்றிக்கறி தொட்டதே இல்லீங்க."
தொட வேண்டியதில்லை, முட்டை கண்ணுக்குத் தெரியாது,
கழுவாத கீரையில் வரும், தண்ணீரில் வரும்,
பரிமாறிய கையில் வரும்.
எந்தக் கை?
அது படத்தில் விழாது என்றார்.

எவ்வளவு நாளாக உள்ளே இருக்கிறது?
வருடக்கணக்கில் இருக்கலாம்.
"டிக்கெட் எடுக்காமல்" என்று சிரித்தேன்.
வேறு யாரும் சிரிக்கவில்லை.
அந்த மழை இரவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லையென்று
படம் தீர்த்துச் சொல்லிவிட்டது.
நான் இறக்கிவிட்டவன் மட்டும்
இன்னும் இறங்கவில்லை.

காலை ஒன்று, இரவு ஒன்று.
ஆறு மாதம் கழித்து இன்னொரு படம்.
அதுவரை படிக்கட்டில் நிற்காதே, பைக் தொடாதே,
கிணற்றை எட்டிப் பார்க்காதே.
டிப்போவில் சில்லறை எண்ணும் நாற்காலி தந்தார்கள்.

முதல் லீவு நாளில், டிக்கெட் வாங்கி,
தவளக்குப்பத்தில் இறங்கினேன்.
பஞ்சர் கடையில் இல்லை என்றார்கள். ஜூஸ் கடையிலும்.
தையல்கடைப் பெண் மெஷினை நிறுத்தாமல்
சாவியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.
"அன்னிக்கே பூட்ட ஒடச்சிட்டேன். நீங்களே வெச்சுக்குங்க."
பிறகு மெஷினை நிறுத்தி,
மாதாவை மட்டும் கழற்றி எடுத்துக்கொண்டாள்.